தொங்கல் நிரை

பதினாலாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கப் போகிற நாளென்றால் அம்மாக்கண்ணுவுக்கு முதல் நாளே சோறு இறங்காது. இருபத்தெட்டு வருசமாக ஏறி இறங்குகிற மலைதான். பயப்பட அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால், கேட்கிறவர்கள் அந்த மலையின் கடைசி வரைக்கும் போய்ப் பார்த்ததில்லை என்று அர்த்தம். சைப்பிரஸ் காட்டை ஒட்டி, ஆத்துப் பள்ளத்தைப் பார்த்தபடி தேயிலைச் செடிகளின் ஒரு நிரை அங்கே கிடக்கிறது. கடைக்கோடி என்பதால் தொங்கல் நிரை என்பார்கள். மற்ற நிரைகளில் நிற்கிறவர்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கலாம், ஊர்க்கதை பேசலாம், அட்டை கடித்தால் ஒருத்தி காலை இன்னொருத்தி பார்த்துவிடலாம். தொங்கல் நிரைக்காரியை மட்டும் மேட்டு முதுகு மறைத்துவிடும். தொண்டை கிழியக் கத்தினாலும் மேலே ஒன்றும் கேட்காது.

நாலு வருசமாக, பனிமூட்டம் இறங்குகிற நேரங்களில், ஆளே இல்லாத அந்த நிரையிலிருந்து கொழுந்து ஒடிக்கிற சத்தம் அம்மாக்கண்ணுவுக்குக் கேட்கிறது. பட், பட், பட் என்று. வேகமான கை. அந்தக் கை யாருடையது என்றும் அவளுக்குத் தெரியும்.

"ஒங்களுக்குக் கேக்காம வேற யாருக்குக்கா கேக்கப் போவுது" என்பாள் பக்கத்து நிரை அன்னம்மா, பெருமையாக. அவள் அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தோட்டத்தின் மேப்பிரிவில் யாருக்காவது பயம் பிடித்தால், பிள்ளை தூக்கத்தில் அலறினால், வயசுப் பெண் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால், கூட்டிக்கொண்டு வருவது அம்மாக்கண்ணுவின் ஒற்றை அறைக் காம்பராவுக்குத்தான். திருநீறு போடுவாள், தண்ணீர் ஓதித் தருவாள், மந்திரித்த கறுப்புக் கயிறு கட்டிவிடுவாள். கைராசிக்காரி என்று பேர். அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கயிறு கட்டி முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருக்கிறவர் வாயைத் திறக்கக் கூடாது. கேட்க வேண்டியதையெல்லாம் கூட வந்தவரிடம்தான் கேட்பாள். பேசிவிட்டால் கயிறு பலிக்காது.

தோட்டத்தின் பேர் எதுக்கு. பொகவந்தலாவையிலிருந்து போகிற பஸ் கடைசியாகத் திரும்புகிற இடத்துக்கு மேலே, இன்னும் ஒரு மணி நேரம் நடந்து ஏற வேண்டிய பிரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அம்மாக்கண்ணு சங்கத்து மாதர் தலைவியும்கூட. போன மாசம் அட்டனிலிருந்து ஒரு மிஸ் வந்து, வேலை செய்கிற இடத்தில் பெண்களுக்கு வருகிற தொல்லையைப் பற்றி கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வகுப்பு எடுத்தபோது முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். மிஸ் நல்லாத்தான் சொன்னது. ஒருத்தியை மட்டும் ஒதுக்குவது தொல்லை, நாலு பேர் முன்னால் வைத்து அசிங்கப்படுத்துவது தொல்லை, தனியாக நிற்க வைப்பது தொல்லை. பெண்கள் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டே கேட்டார்கள். முறைப்பாடு சொல்ல வேண்டிய டெலிபோன் நம்பர் போட்ட படத்தை மடுவத்துச் சுவரில் ஒட்டினது யார் தெரியுமா? பெண்களுக்கு நிரை பிரிக்கிற யோகேஸ்வரன் கங்காணி. பசை வழிந்ததைத் தன் சட்டைப்பை லேஞ்சியாலேயே துடைத்து, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தான். நாசமாப் போறவன்.

அந்தப் படத்தைப் பார்க்கிற போதெல்லாம் அம்மாக்கண்ணுவின் வலது உள்ளங்கை சுடும். அதை இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கில் அழுத்தித் துடைத்துக்கொள்வாள். எவ்வளவு துடைத்தாலும் போகாது.

லோஜினி செத்து நாலு வருசமாகிறது. அம்மாக்கண்ணுவின் லயத்து வரிசையிலேயே இரண்டு காம்பரா தள்ளியிருக்கிற காளியாயியின் ஒரே மகள். இருபத்தொரு வயசு. வாய் ஓயாத பெண், கூடை நிறையாவிட்டாலும் பேச்சு நிறைந்துவிடும் என்று எல்லாரும் கேலி பண்ணுவார்கள். அவள் மேல் யோகேஸ்வரன் கங்காணியின் கண் எப்போது விழுந்ததோ, யாருக்கும் தெரியாது. முதலில் அவள் எடுத்த கொழுந்தை எல்லார் முன்னாலும் கிளறி, "இது கொழுந்தா, மாட்டுக்குப் போடுற புல்லா" என்று தரையில் கொட்டினான். பெண்கள் சிரித்தார்கள். அம்மாக்கண்ணுவும் சிரித்தாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். மற்றவர்கள் மடுவத்துக்கு ஏறிப் போன பிறகு, முத்தல் இலையைப் பொறுக்கிவிட்டு வா என்று அவளை மட்டும் கீழே நிறுத்தினான். அவளோடு பேசினால் வேலை கெடுகிறது, யாரும் பேசாதீங்க என்றான். யாரும் பேசவில்லை. கங்காணி வாயில் விழ யாருக்கு ஆசை?

அப்புறம் தொங்கல் நிரையைக் கொடுத்தான். அது முறையில் சுற்றி வருகிற நிரை. இன்றைக்கு எனக்கென்றால் நாளைக்கு உனக்கு. அட்டையும் குளிரும் தனிமையும் ஒருத்தி தலையிலேயே விழக் கூடாது என்றுதான் அந்தக் காலத்திலிருந்தே அந்த முறை. லோஜினிக்கு அது மூன்று வாரம் தொடர்ந்து விழுந்தது. தன் பேர் வரவில்லையே என்று ஒவ்வொருத்தியும் நிம்மதியாக இருந்தாளே தவிர, அது எங்கே போய் நிற்கிறது என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

லோஜினி சாப்பிடுவதை நிறுத்தினாள். பேச்சும் நின்றது. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் தூக்கிவாரிப் போட்டது. காளியாயி பயந்துபோய் மகளை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"எங்க வேல செய்யிது புள்ள?" என்று அம்மாக்கண்ணு காளியாயியிடம் கேட்டாள்.

"பதினாலுல, தொங்க நெரயில. மூணு வாரமா அங்கதான்."

அவ்வளவு போதாதா. நிரையின் முடிவில், காட்டோரம், முனியாண்டி கல் இருக்கிறது. சூலம் நட்டு, சிவப்புத் துணி சுற்றின கல். "சாமி எடத்துல கண்ட நேரத்துல நின்னுருக்கு. முனி அடிச்சிருக்கு" என்று அம்மாக்கண்ணு சொன்னாள். அப்போதுதான் லோஜினி தலையைத் தூக்கினாள். "பெரியம்மா, அது வந்து" என்று ஆரம்பித்தாள்.

அம்மாக்கண்ணு வலது கையால் அவள் வாயைப் பொத்தினாள். "பேசாத. பேசுனா கயிறு பலிக்காது."

உதடுகள் உள்ளங்கைக்குள் அசைந்தன. சுடச்சுட மூச்சு வந்தது. அம்மாக்கண்ணு இன்னும் அழுத்தினாள், பாசமாகத்தான் அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் அசைவு நின்றது. கயிற்றைக் கட்டி, முனியாண்டி கல்லில் தேங்காய் உடைக்கச் சொல்லி, நிரையை மாற்றாதே, ஓடிப் போய்விட்டாள் என்று சாமி இன்னும் கோவிக்கும், அதே இடத்திலேயே நின்று வேலை செய் என்று அனுப்பிவைத்தாள்.

மூன்றாம் நாள் ஆத்துப் பள்ளத்தில் லோஜினியைக் கண்டெடுத்தார்கள். ஓடி வந்து விழுந்தாளா, தானாகவே குதித்தாளா, சொல்ல யாருமில்லை. கால் வழுக்கியது என்று பொலிசில் எழுதினார்கள். முனி எடுத்துக்கொண்டது என்று தோட்டம் சொன்னது. அம்மாக்கண்ணு அன்றைக்கே சொன்னாளே என்று வியந்தார்கள், அவள் கைராசி இன்னும் ஒரு படி ஏறியது. முனிக்குக் கெடா வெட்ட முன்னால் நின்று ஏற்பாடு செய்தவன் யோகேஸ்வரன். தட்டைத் தூக்கிக்கொண்டு ஊர்வலத்தில் முதல் ஆளாக நடந்தான். அழக்கூட அழுதான்.

ஆனால் லோஜினியைக் குளிப்பாட்டினவர்களில் அம்மாக்கண்ணுவும் ஒருத்தி. மணிக்கட்டில் கயிறு இல்லை. அவிழ்ந்து விழுகிற முடிச்சு அல்ல அது. பற்களால் கடித்துப் பிய்த்த மாதிரி மணிக்கட்டில் தடம் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், மஞ்சளை அள்ளி அதன் மேல் பூசினாள், யாரிடமும் மூச்சுவிடவில்லை. அன்றிலிருந்து உள்ளங்கைக்குள் அந்த மூச்சு சுடுகிறது. சோறு பிசைகிறபோது சுடும். சாமி கும்பிடக் கை குவித்தால் இரண்டு கைக்கும் நடுவே யாரோ மூச்சு வாங்குவார்கள். இத்தனைக்கும், தனக்கு எதுவும் தெரியாது என்றே அவள் தன்னிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

இப்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், மேட்டு லயத்து மீனம்மா தன் மகள் சுலக்ஷனாவைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

சுலக்ஷனா கொழுந்து எடுக்க வந்து நாலு மாசம்தான் ஆகிறது. கொட்டகலையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்துவிட்டு, கடையை மூடினதால் தோட்டத்துக்குத் திரும்பின பெண். மெலிந்துபோயிருந்தாள். கைகளை மடியில் வைத்து, நகக்கண்ணைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். ரத்தம் வந்தும் நிறுத்தவில்லை.

"சாப்புட மாட்டேங்கிறாக்கா" என்றாள் மீனம்மா. "யாரும் தொட்டா அலறுறா. நேத்து எங்க அண்ணே தலையத் தடவுனதுக்கு வாந்தி எடுத்துட்டா. முனி அடிச்சிருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. ஒரு கயித்தக் கட்டி விடுங்க."

"எங்க வேல?" என்று கேட்டாள் அம்மாக்கண்ணு.

"பதினாலு. தொங்க நெர."

கயிறு கையில் இருந்தது. திருநீறு தட்டில் இருந்தது. பெண்ணின் உதடு லேசாகத் திறந்தது. பழக்க தோசம், அம்மாக்கண்ணுவின் வலது கை தானாக எழுந்து அந்த வாய்ப்பக்கம் போனது. பாதி வழியில் அது சுட்ட சூட்டில் அவளே கையை உதறிவிட்டாள். தட்டு கவிழ்ந்து திருநீறு தரையெல்லாம் கொட்டியது.

"நீ சொல்லு பாப்பா" என்றாள். "என்னா நடந்துச்சி, நீயே சொல்லு."

மீனம்மா பதறினாள். "பேசுனா பலிக்காதேக்கா."

"பலிக்காம போவட்டும். நீ சும்மா இரு மீனம்மா."

சுலக்ஷனா தரையைப் பார்த்துப் பேசினாள். "முனி இல்ல பெரியம்மா. கங்காணி." கொழுந்தைத் தரையில் கொட்டினதைச் சொன்னாள். யாரும் தன்னோடு பேசாமல் போனதைச் சொன்னாள். நிரையில் பின்னால் வந்து நிற்பதைச் சொன்னாள், கூடையைச் சரிசெய்கிற சாக்கில் கை வைப்பதைச் சொன்னாள், போனில் படம் எடுத்து வைத்திருப்பதைச் சொன்னாள். மீனம்மா வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மாகிட்ட சொல்லுவேன்னு சொன்னேன்" என்றாள் சுலக்ஷனா. "அதுக்கு சிரிச்சான். 'சொல்லித்தான் பாரேன். முனி அடிச்சிருக்குன்னு ஒன்னய அம்மாக்கண்ணுகிட்டதான் கூட்டிட்டுப் போவாங்க. அது கயித்தக் கட்டி ஒன்னய என்கிட்டயே அனுப்பி வைக்கும். போன தடவையும் அப்பிடித்தான்'னு சொன்னான்."

அம்மாக்கண்ணு கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டாள். நாலு வருசம் தன்னிடமிருந்தே மறைத்து வைத்ததை, அவன் ஒரு சிரிப்பில் எடுத்து வெளியில் போட்டுவிட்டான். அவனுக்குக் காவலாக நின்றது காடும் இல்லை, மேடும் இல்லை, தன்னுடைய கைதான் என்று நினைத்தபோது அவளுக்கு அந்தக் கையை வெட்டிப் போட வேண்டும் போல் இருந்தது. முனியாண்டி இருக்கிறது, அதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை. செய்யாத குற்றத்தை அந்தச் சாமி தலையிலும் போட்டோமே என்று அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டாள்.

"நாளைக்கும் பதினாலுதான் பெரியம்மா" என்றாள் சுலக்ஷனா. "எனக்குத் தொங்க நெரன்னு இப்பவே சொல்லி வச்சிருக்கான். நான் போக மாட்டேன். போகச் சொன்னா நானும் அந்த அக்கா மாதிரி..."



அன்று சாயங்காலம் அம்மாக்கண்ணு இரண்டு காம்பரா தள்ளிப் போய்க் காளியாயியின் வாசலில் நின்றாள். நாளைக்குக் காலையில் ஆள் கணக்கெடுத்து நிரை பிரிக்கிற பெரட்டில் வாயைத் திறந்தால் முதலில் அடிபடப் போவது காளியாயிதான். மகளைச் சாமி எடுத்துக்கொண்டது என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நாலு வருசமாக நடமாடுகிறாள். ஊருக்கு முன்னால் கேட்பதற்கு முன்னால் அவளுக்காவது தனியாகச் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தாள்.

காளியாயி லோஜினியின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். படத்துக்குப் பொட்டு வைத்து, பக்கத்தில் ஒரு சின்னச் சூலமும் வைத்திருந்தாள். "வா அம்மாக்கண்ணு" என்றாள் சந்தோசமாக. "நேத்து கனவுல வந்துச்சி. முனியோட மடியில ஒக்காந்திருந்துச்சி. வாயே தொறக்கல, சிரிச்சிக்கிட்டே இருந்துச்சி. எம்புள்ள எங்கயோ நல்லாத்தான் இருக்கு."

அம்மாக்கண்ணு தேத்தண்ணியை வாங்கிக் குடித்தாள். ஒரு வார்த்தை வெளியில் வரவில்லை. கோழை, கோழை என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

திங்கட்கிழமை பெரட்டுக் களத்தில் பனி முழங்கால் உயரத்துக்கு நின்றது. முப்பது பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். யோகேஸ்வரன் கம்பளிச் சட்டையும் நெற்றியில் சந்தனமுமாக வந்து, துண்டுக் கடதாசியைப் பார்த்து நிரை பிரித்தான். அமைதியான குரல் அவனுக்கு. அதட்டத் தெரியாத மனுசன் என்று பேர் வாங்கினவன்.

"தொங்க நெர, சுலக்ஷனா."

சுலக்ஷனா நகரவில்லை. மீனம்மா அம்மாக்கண்ணுவைப் பார்த்தாள். களத்துக்குக் கீழே, பனிக்குள், பட், பட், பட் என்று கொழுந்து ஒடிகிற சத்தம் கேட்டது. பதினாலாம் நம்பர் மலை அங்கிருந்து அரைக் கட்டை தூரம், அங்கே ஒடிக்கிறது இங்கே கேட்க வழியில்லை.

"நில்லுங்க கங்காணி" என்றாள் அம்மாக்கண்ணு. "தொங்க நெர சுத்துல வார நெர. இந்தப் புள்ளைக்கி மட்டும் எத்தன நாளா விழுது?"

அவன் சிரித்தான். "அக்கா, பொழுது போவுது. மலைக்கு நடங்க."

"ஒங்களக் கேக்கல. இவங்களக் கேக்குறேன்." அவள் பெண்கள் பக்கம் திரும்பினாள். "அன்னம்மா, ஒனக்கு கடசியா எப்ப வந்துச்சி?"

அன்னம்மா கங்காணியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "எனக்கு... ரெண்டு மாசமா வரல" என்றாள்.

"எனக்கும் வரல" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. இன்னொருத்தி எனக்கும் இல்லை என்றாள். ஒவ்வொருத்தியாகச் சொல்லச் சொல்ல, சொன்ன வாய்களுக்கே அது என்ன என்று விளங்க ஆரம்பித்தது. முகங்களில் ஈயாடவில்லை. சுலக்ஷனாவைத் தவிர ஒருத்திக்கும் இரண்டு மாசமாக அந்த நிரை வரவில்லை. எல்லாம் ஒரே பெண்ணுக்குப் போயிருக்கிறது.

"அக்காவுக்கு ஒடம்பு சரியில்ல போல" என்றான் யோகேஸ்வரன். குரல் உயரவேயில்லை. "பாத்துக்கங்க, அவங்களுக்கே முனி அடிச்சிருக்கப் போவுது." பழக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள், சிரித்த கையோடு நிறுத்தியும் விட்டார்கள்.

"முனி யாரையும் அடிக்கல" என்றாள் அம்மாக்கண்ணு. இப்போது நிறுத்தினால் இனி எப்போதும் சொல்ல மாட்டோம் என்று தெரிந்துதான் சொன்னாள். "சுலக்ஷனாவயும் அடிக்கல. லோஜினியயும் அடிக்கல. அந்தப் புள்ளயவும் இந்தாளுதான் மூணு வாரம் அங்க நிறுத்துனான். நம்ம எல்லாம் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம். எங்கிட்ட வந்து சொல்ல வாயத் தொறந்துச்சி. நான் இந்தக் கையால பொத்துனேன். பொத்தி, கயித்தக் கட்டி, திரும்ப அங்கயே அனுப்புனேன்."

யோகேஸ்வரன் கடதாசியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். "பொய்ப் பேச்சுக்கெல்லாம் நான் நிக்க முடியாது, துரைகிட்டப் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மலைப்பக்கம் நாலு எட்டு வைத்தான். அவன் பின்னால் ஒரு கூடையும் அசையவில்லை என்று தெரிந்ததும் நின்றான்.

வரிசையின் கடைசியில் நின்ற காளியாயி கூடையைக் கழற்றிக் கீழே வைத்தாள். வரிசையைக் கடந்து மெல்ல வந்து அம்மாக்கண்ணுவுக்கு நேராக நின்றாள். அடிப்பாள் என்று அம்மாக்கண்ணு நினைத்தாள். அடித்தால் நல்லது என்றும் நினைத்தாள்.

"அன்னைக்கி எம்புள்ள என்னா சொல்ல வந்துச்சி?" என்று கேட்டாள் காளியாயி.

"தெரியாது காளியாயி."

"ஒரு வார்த்தகூடவா?"

"'அது வந்து'ன்னு சொல்லிச்சி. அதுக்கு மேல நான் கேக்கல."

காளியாயியின் முகம் அழுகைக்குப் போகவில்லை. அழுகைக்கு முந்தின இடத்திலேயே நின்றுவிட்டது. நாலு வருசமாக விளக்கேற்றிக் கும்பிட்ட சாமி அவள் கண் முன்னாலேயே திரும்பவும் மகளாகி, திரும்பவும் பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர அம்மாக்கண்ணுவால் எதுவும் செய்ய முடியவில்லை.

"இனிமே நீ என் வாசப்படி ஏறாத" என்றாள் காளியாயி. "நான் சாவுற வரைக்கும் எங்கிட்டப் பேசாத."

பிறகு சுலக்ஷனாவின் பக்கம் போய், அவள் முதுகிலிருந்த கூடையின் கயிற்றைத் தலையிலிருந்து கழற்றினாள். நகம் பிய்ந்த கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். "வா பாப்பா, ஆபீசுக்குப் போவம். எல்லாத்தையும் நீயே சொல்லு. முடியிற வரைக்கும் நான் பக்கத்துல நிக்கிறேன்."

இருவரும் ஆபீஸ் ரோட்டில் இறங்கினார்கள். மீனம்மா ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டாள், அன்னம்மா போனாள், ஒவ்வொரு கூடையாகத் தரையில் இறங்க மற்றவர்களும் போனார்கள். களத்தில் கூடைகளும் கங்காணியும் மட்டும் மிஞ்சினார்கள். அம்மாக்கண்ணு கடைசியாக நடந்தாள். அவளை யாரும் வா என்று கூப்பிடவில்லை.